தஞ்சாவூர் உணவு அருங்காட்சியகம்: நெல்லின் பின்னால் ஒரு பயணம்

தஞ்சாவூருக்கு வருகிறவர்கள் பெரிய கோயில், அரண்மனை, சரஸ்வதி மகால் என்று சுற்றிவிட்டு, தலையாட்டி பொம்மை ஒன்றை வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுவார்கள். அதே ஊரில், இந்திய உணவுக் கழகத்தின் (எஃப்.சி.ஐ.) கோட்ட அலுவலகத்தில் நாட்டின் முதல் உணவு அருங்காட்சியகம் இருக்கிறது. 2021 நவம்பர் 15-ல் அப்போதைய மத்திய உணவுத் துறை அமைச்சர் பியூஷ் கோயல் காணொலி வழியாக இதைத் திறந்து வைத்தார். பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா தொழில் மற்றும் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தோடு சேர்ந்து, சுமார் 1.1 கோடி ரூபாய் செலவில் அமைத்தார்கள்.

பரப்பளவு 1,860 சதுர அடி. கொஞ்சம் வசதியான வீடு ஒன்றின் அளவுதான். நின்று நிதானமாகப் பார்த்தாலும் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஆகவே இதற்காக மட்டும் சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ காரெடுத்து வராதீர்கள்.

பின் எதற்கு இவ்வளவு நீளமான வழிகாட்டி? விவசாயக் கண்காட்சி என்றாலே ஏர், மாடு, நாற்று நடவு, அறுவாள், அதோடு கதை முடிந்துவிடும். இந்த அருங்காட்சியகத்தின் மையம் அறுவடைக்குப் பிறகு நடப்பது. அறுத்த நெல் எங்கே போகிறது, யார் வாங்குகிறார்கள், எப்படிக் கெடாமல் வைக்கிறார்கள், எப்படி ரேஷன் கடைக்கு வருகிறது? உள்ளே மாதிரியாகவும் திரையிலும் காட்டும் இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும், வாசலைத் தாண்டினால் அரை மணி நேரத் தூரத்தில் நிஜமாகவே பார்க்கலாம். இந்தியாவில் வேறு எந்த ஊருக்கும் இந்த வசதி இவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் வாய்க்கவில்லை என்பது என் கணிப்பு. அருங்காட்சியகத்தை முதல் அத்தியாயமாக வைத்துக்கொண்டு டெல்டாவுக்குள் எப்படி நடப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

படி 1: மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

அருங்காட்சியகம் வருடம் முழுக்க ஒன்றுதான். மாறுவது வெளியே உள்ள வயல். மேட்டூரில் தண்ணீர் இருந்தால் ஜூன் 12-ல் அணையைத் திறப்பது வழக்கம். அதை நம்பி நடும் குறுவை, செப்டம்பர், அக்டோபரில் அறுப்புக்கு வரும். சம்பா நீண்ட பயிர். ஆகஸ்டு வாக்கில் தொடங்கி, தை மாதத்தில் அறுப்பு. குறுவை அறுத்த வயலிலேயே மறுபடி நடுவது தாளடி. அது மாசி, பங்குனி வரை இழுக்கும்.

ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி நடுவரைக்கும் வருவதுதான் உத்தமம். சம்பா அறுவடை மும்முரமாக நடக்கும், கொள்முதல் நிலையங்கள் நிரம்பி வழியும், வெயிலும் கொல்லாது, வடுவூர் ஏரியில் பறவைகளும் இருக்கும். அடுத்தது அக்டோபர். குறுவை அறுப்பும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே நேரத்தில் வந்து மோதும் மாதம். சாலையோரம் தார்ப்பாய் விரித்து நெல்லைக் காயவைத்துக்கொண்டு, வானத்தையே பார்த்தபடி நிற்கும் ஆட்களை அப்போது பார்க்கலாம். உணவைச் சேமிப்பது ஏன் இவ்வளவு பெரிய தலைவலி என்று எந்தத் தொடுதிரையும் அதைவிட நன்றாகச் சொல்லாது.

பொங்கல் வாரம் வேண்டாம், அலுவலகங்கள் மூடியிருக்கும். சித்திரை, வைகாசியில் வயல் பெரும்பாலும் தரிசு. போர்வெல் உள்ள இடங்களில் மட்டும் கோடை நெல் பச்சையாகத் தெரியும்.

படி 2: போய்ச் சேர்வது

ரயில் நிலையத்திலிருந்தோ பேருந்து நிலையத்திலிருந்தோ ஆட்டோதான் சுலபம். "மியூசியம்" என்று மட்டும் சொன்னால் அரண்மனையில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். "எஃப்.சி.ஐ. ஆபீஸ், உணவு மியூசியம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

அது அலுவலகம் என்பதை மறக்காதீர்கள். வேலை நாளாகப் பார்த்து, காலை வேளையில் போவது நல்லது. கிளம்புமுன் திறந்திருக்கும் நேரத்தைப் போனில் கேட்டுவிடுங்கள். அடையாள அட்டை ஒன்று கையில் இருக்கட்டும். படம் எடுக்கலாமா என்பதை வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளியிலிருந்து பிள்ளைகளை அழைத்து வருவதானால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ஒரே மூச்சில் அறுபது பேரை உள்ளே விட்டால் முன்வரிசையைத் தவிர யாருக்கும் ஒன்றும் தெரியாது. இருபது பேராகப் பிரித்துக்கொள்வது நல்லது.

படி 3: ஏன் தஞ்சாவூர் என்பதைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள்

உணவுக் கழகச் சட்டம் 1964-ல் வந்தது. 1965 ஜனவரி 14-ல் கழகம் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் அமைந்தது. தலைமையகம் அப்போது சென்னையில் இருந்தது, பிறகுதான் டெல்லிக்குப் போனது. மத்திய உணவு அமைச்சராக இருந்தவர் நம்ம சி.சுப்பிரமணியம். நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த காலம் அது. 1965, 66 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் மழையும் பொய்த்தது.

தஞ்சை மாவட்டத்தின் மேல் ஏற்கெனவே அரசின் கண் இருந்தது. 1960 வாக்கில் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் இதுவும் ஒன்று. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-லிருந்து இங்கே இருக்கிறது. ஜப்பானிய நோரின் 10 ரகத்தையும் நம்மூர் ஜி.இ.பி. 24-ஐயும் கலந்து அங்கே உருவாக்கிய ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம், அறுபதுகளின் நடுவில் குறுவை வயல்களைப் பிடித்துக்கொண்டது. விளைச்சல் கூடியது. கூடவே மழைக்காலத்தில் ஈர நெல் குவிவதும் கூடியது. விளைவிப்பதைவிட வைத்துக் காப்பாற்றுவது கடினம் என்ற பாடத்தை டெல்டா அப்போதே படித்துவிட்டது. புதுக்கோட்டை சாலையில் இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்பதும் நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாகத்தான் வாழ்க்கையைத் தொடங்கியது.

படி 4: உள்ளே எப்படிப் பார்ப்பது

வேட்டையாடித் திரிந்த மனிதன் ஓரிடத்தில் தங்கி விதைக்கத் தொடங்கியதிலிருந்து காட்சி ஆரம்பிக்கிறது. பிறகு பழங்கால, பாரம்பரியக் களஞ்சியங்கள், இன்றைய கிடங்குகள், உணவுக் கழகம் வாங்கிச் சேமித்து அனுப்பும் வழி. மாதிரிகள், தொடுதிரைகள், மெய்நிகர் காட்சி, வினாடி வினா எல்லாம் உண்டு.

பிள்ளைகள் நேரே திரைக்குத்தான் ஓடுவார்கள். ஓடட்டும், தடுக்காதீர்கள். பத்து நிமிடத்தில் சலித்துத் திரும்புவார்கள். அப்போது சேமிப்புப் பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வேலை கொடுங்கள். தானியத்துக்கு மூன்று எதிரிகள்: ஈரம், பூச்சி, எலி. பார்க்கும் ஒவ்வொரு களஞ்சியமும் இந்த மூன்றுக்கும் என்ன பதில் வைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு கேள்வி போதும், கூடம் முழுக்க உயிர் வந்துவிடும்.

அந்தப் பதில்கள் நம் பாட்டி வீடுகளிலேயே இருந்தவைதான். குதிர் என்பது மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்குகளைப் பூசி, வாயை மூடி வைப்பது. அடியில் ஒரு சிறு துளை, அதில் துணி அடைத்திருக்கும். தேவையானபோது துணியை உருவினால் நெல் தானாகக் கொட்டும். மேலே புதிது, கீழே பழையது என்பதால் பழைய நெல்தான் முதலில் வெளியே வரும். இன்றைய கிடங்குகளும் இதே விதியைத்தான் பதிவேடு போட்டுப் பின்பற்றுகின்றன. பத்தாயம் கனமான மரப்பெட்டி. கால் வைத்து தரையைவிட்டு உயர்த்தியிருப்பதால் எலிக்கும் ஓதத்துக்கும் எட்டாது. வைக்கோல் பிரியைச் சுற்றிச் சுற்றி ஏற்றி உள்ளே நெல்லைக் கொட்டுவது சேர். விதைநெல்லை வைக்கோலுக்குள் பொதிந்து இறுகக் கட்டி வைப்பது கோட்டை. பூச்சிக்கு வேப்பிலை, நொச்சி.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, நவீனக் கிடங்குப் பகுதிக்குத் திரும்புங்கள். தரையில் நேரடியாக மூட்டை போடாமல் கட்டை அடுக்கி அதன்மேல் அட்டி (மூட்டை அடுக்கு) போடுகிறார்கள் என்றால், அது பத்தாயத்தின் கால்தான். வேப்பிலைக்குப் பதில் புகைமூட்டும் மருந்து. அளவு மாறியிருக்கிறது, எதிரிகள் மாறவில்லை.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடத்துவது உணவுக் கழகம். ஆகவே கதையும் அதன் இருக்கையிலிருந்துதான் தெரியும். விவசாயியின் பக்கத்தைக் கேட்க வெளியேதான் போகவேண்டும்.

படி 5: கொள்முதல் நிலையம்

மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கும்பகோணம் சாலையைப் பிடியுங்கள். புதிய நாலுவழிச் சாலையில் ஏறிவிட்டால் ஒன்றும் தெரியாது. பசுபதிகோவில், அய்யம்பேட்டை, பாபநாசம் என்று ஊருக்குள் புகுந்து போகும் பழைய சாலைதான் நமக்கு வேண்டும். அறுவடைக் காலமாக இருந்தால் நெல் குவியலும் சாக்கு அடுக்கும் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அதுதான் நேரடி நெல் கொள்முதல் நிலையம். டெல்டாவில் பேச்சு வழக்கில் 'டி.பி.சி.'

பெயர்ப்பலகையில் எஃப்.சி.ஐ. என்று இருக்காது, 'தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம்' என்று இருக்கும். அருங்காட்சியகத்திலிருந்து நேராக வருகிறவர்கள் குழம்பும் இடம் இது. 2002-லிருந்து தமிழ்நாட்டில் பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறை நடக்கிறது. அதாவது உணவுக் கழகத்தின் சார்பில் மாநில அரசின் கழகமே வாங்கி, அரைத்து, தன் ரேஷன் தேவைக்கு எடுத்துக்கொள்கிறது. கணக்கு மத்திய அரசோடு தீர்த்துக்கொள்ளப்படும்.

அனுமதி கேட்பது ரொம்பச் சாதாரணம். "அண்ணே, பிள்ளைங்களுக்குக் காட்டலாம்னு வந்தோம். ஓரமா நின்னு பாத்துக்கவா?" என்றால், "பாருங்க தம்பி, மூட்டை தூக்குற வழியில மட்டும் நிக்காதீங்க" என்பார்கள். அந்த எச்சரிக்கையைக் கண்டிப்பாகக் கேளுங்கள். தலையில் மூட்டையோடு ஓட்டமும் நடையுமாக வருகிறவருக்கு உங்களுக்காக நிற்க நேரமில்லை.

நெல் முதலில் தூற்றும் இயந்திரத்துக்குப் போகும். பதரும் தூசியும் பறக்கும். பிறகு ஒரு பிடி நெல் ஈரப்பதமானியில். 17 சதவீதம் வரைதான் விதி. அதற்கு மேல் போனால் வாங்க மாட்டார்கள். மழை வருடங்களில் இந்த வரம்பைத் தளர்த்தக் கோரி மாநில அரசு டெல்லிக்கு எழுதுவதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுப்பதும் செய்தித்தாளில் நீங்கள் படித்திருப்பீர்கள். ஏன் இந்தப் பிடிவாதம்? நெல் அறுத்த பிறகும் மூச்சுவிடுகிறது. ஈரத்தோடு குவித்தால் குவியலுக்குள் சூடேறும், பூஞ்சணம் பிடிக்கும், அரிசி பழுப்பேறும், முளையும் விட்டுவிடும்.

பக்கத்தில் அனுபவமுள்ள பெரியவர் யாராவது இருந்தால் அவரைக் கவனியுங்கள். ஒரே ஒரு நெல்லைப் பல்லிடுக்கில் வைத்துக் கடிப்பார். 'டக்'கென்று உடைந்தால் காய்ந்தது. மெத்தென்று நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். பிள்ளைகளுக்கும் கொடுத்துக் கடிக்கச் சொல்லுங்கள். மானியில் வரும் எண்ணும் பல் சொல்வதும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்தால் அசந்துபோவார்கள்.

தேறிய நெல் சன்ன ரகம், பொது ரகம் என்று பிரிந்து 40 கிலோ சிப்பமாகச் சாக்கில் ஏறும், தைப்பார்கள், லாரி ஏறும். திறந்தவெளிக் கிடங்குக்கோ ஆலைக்கோ போகும். மிகுதி, சரக்கு ரயிலில் மற்ற மாவட்டங்களுக்கு அரவைக்குப் போகும். நூறு கிலோ நெல் கொடுத்தால் ஆலை 68 கிலோ புழுங்கலரிசி, அல்லது 67 கிலோ பச்சரிசி திருப்பித் தரவேண்டும் என்பது அரவைக் கணக்கு. ஒரு 40 கிலோ மூட்டையிலிருந்து எவ்வளவு அரிசி என்று அங்கேயே நிற்கவைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். புழுங்கலரிசியானால் 27 கிலோவைத் தாண்டிக் கொஞ்சம் வரும்.

விவசாயிகளோடு பேசும்போது "விளைச்சல் எப்படி?" என்பதோடு நிறுத்தாமல், "எத்தனை நாளா காத்திருக்கீங்க?" என்றும் கேளுங்கள். சாக்குத் தட்டுப்பாடு, லாரி வராதது, ராத்திரிப் பனியில் குவியலுக்குக் காவல் படுத்தது என்று அருங்காட்சியகம் சொல்லாத பகுதி அங்கேதான் வரும்.

படி 6: திருப்பாலைத்துறை நெற்களஞ்சியம்

இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம். பாபநாசத்தை ஒட்டி, பாலைவனநாதர் கோயில் வளாகத்தில் நிற்கிறது. 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தஞ்சை நாயக்கர் ஆட்சியில் கட்டியது. வட்டமான அடிப்பகுதி, மேலே கூம்பாகக் குவிந்த கூரை, முழுக்கச் செங்கல். ஏறத்தாழ 36 அடி உயரம். மூவாயிரம் கலம் நெல் கொள்ளும் என்பார்கள். தமிழகத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

உங்கள் மூன்று எதிரிகளை இங்கே மறுபடி எடுங்கள். கூம்புக் கூரையில் தண்ணீர் தேங்க வழியில்லை. வட்டச் சுவரில் மூலை கிடையாது. மூலை இல்லாத இடத்தில் நெல்லின் அழுத்தம் சுற்றிலும் சமமாகப் பரவும், பூச்சி ஒதுங்கவும் சந்து குறைவு. இன்றைக்குத் தானியம் சேமிக்கும் எஃகுக் கோபுரங்களான சைலோக்களையும் உருளையாகவே கட்டுகிறார்கள். காலையில் பார்த்த மாதிரியை நினைவில் வைத்துக்கொண்டு, கட்டடத்தை ஒரு முறை முழுதாகச் சுற்றி நடந்து பாருங்கள்.

கலம் என்றால் எவ்வளவு? மரக்கால் என்பது நெல் அளக்கும் பாத்திரம். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இந்தக் கணக்கு தலையில் ஏறிவிட்டால் பெரிய கோயிலே வேறு மாதிரித் தெரியும். ராஜராஜனின் கல்வெட்டுகளில் கோயிலுக்கு வரவேண்டிய நெல்லும் கோயிலிலிருந்து போகவேண்டிய நெல்லும் 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளக்கப்படுகின்றன. தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் நடனப் பெண்கள் நானூறு பேருக்கும் பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். வழிகாட்டிகள் விமானத்தின் உயரத்தைச் சொல்வார்கள், நெல் கணக்கைச் சொல்வது அபூர்வம். மாலையில் தஞ்சைக்குத் திரும்பிக் கோயிலுக்குப் போனால், அந்த அதிட்டானத்தில் (கோயிலின் அடித்தளத்தில்) ஓடும் எழுத்துகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வரவு செலவு என்று நினைத்துக்கொண்டு பாருங்கள்.

படி 7: இரண்டாவது நாள் இருந்தால்

தண்ணீர்ப் பக்கம் போங்கள். கல்லணை தஞ்சையிலிருந்து 45 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரியும் இடத்தில் நின்றால் டெல்டாவின் வரைபடமே காலடியில் கிடக்கும். 1934-ல் பாசனத்துக்கு வந்த கல்லணைக் கால்வாயைத் தஞ்சாவூர்க்காரர்கள் இன்னும் 'புது ஆறு' என்றுதான் சொல்கிறார்கள்.

நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வந்தால் கல்லணையைக் கூடத் தள்ளிவைத்துவிட்டு, மன்னார்குடி சாலையில் வடுவூர் ஏரிக்குப் போகச் சொல்வேன். அது பாசன ஏரி. 1999-ல் பறவைகள் சரணாலயமானது, 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மேட்டூர்த் தண்ணீர் கால்வாய் வழியே வந்து ஏரியை நிரப்புகிறது, பறவை கூடுகிறது, சுற்றிலும் வயல். நாரையும் கொக்கும் ஏரியில் தங்கி வயலில் இரை தேடும். விடிகாலையில் போங்கள், பத்து மணிக்குப் போனால் கானல்தான் தெரியும். பைனாகுலர் இருந்தால் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 8: ஊருக்குத் திரும்பியதும்

சங்கிலியின் கடைசிக் கண்ணி உங்கள் தெரு ரேஷன் கடை. அடுத்த முறை அரிசி வாங்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். சாக்கின்மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள்: எந்தப் பருவத்து நெல், எந்த ஆலை, எவ்வளவு எடை. பச்சரிசியா புழுங்கலரிசியா என்பதை மணியைப் பார்த்தே சொல்ல முடிகிறதா என்று சோதியுங்கள்.

வீட்டில் அரிசி களையும்போது சில மணிகள் மட்டும் மிதக்கும். பார்க்கவும் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று வாட்ஸ்அப்பில் வருவது பெரும்பாலும் இதைத்தான். அது செறிவூட்டப்பட்ட அரிசி: அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து, மறுபடி அரிசி வடிவில் வார்த்த மணி. நூறு கிலோ சாதாரண அரிசிக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் கலப்பது வழக்கம். பொறுக்கி எறியாமல், மிதப்பதைக் களையும் தண்ணீரோடு சாய்த்துக் கொட்டிவிடாமல், சேர்த்தே வடித்துவிடுங்கள்.